புளி போட்டுத் தேய்த்த முனை

எனக்குக் கம்ப்யூட்டர் பிரிவைக் கொடுத்ததற்கு ஒரே காரணம், அந்த ஆபீசில் என்னைவிட வேகமாக டைப் அடிக்க ஆள் இல்லை என்பதுதான். மைசூரில் ஊதுபத்தி செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி அது. தொண்ணூறுகளின் நடுவில் முதலாளி திடீரென்று பதினோரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வந்தபோது எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். பெங்களூருக்கு இரண்டு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்து பார்த்தால் என் மேஜையில் 'சிஸ்டம்ஸ் இன்சார்ஜ்' என்று ஒரு பலகை. அன்றையிலிருந்து நான் கொஞ்சம் கழுத்தை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கமும் அன்றையிலிருந்துதான் போனது என்று நினைக்கிறேன்.

ஆபீஸ் ஒரு பழைய ஓட்டு பங்களாவில் இருந்தது. ஒன்றுக்குள் ஒன்றாக அறைகள். பதினோரு கம்ப்யூட்டரையும் ஒரே கறுப்பு வயர் இணைத்தது. சுண்டுவிரல் கனம் இருக்கும். ஒரு கம்ப்யூட்டரின் முதுகைத் தொட்டு, ஜன்னல் வழியாக அடுத்த அறைக்குப் போய், அடுத்ததின் முதுகைத் தொட்டு, இப்படியே கடைசி வரை. வயரின் இரண்டு முனைகளிலும் பித்தளை நிறத்தில் திருகு மூடி ஒன்று இருக்கும். டெர்மினேட்டர் என்று பயிற்சியில் சொன்னார்கள். ஆபீசில் எல்லாருக்கும் அது 'மூடி'. அந்த வயரில் எங்கே ஒரு இணைப்பு தளர்ந்தாலும் பதினோரு கம்ப்யூட்டரும் சேர்ந்து நின்றுவிடும்.

ஒரு முனை அக்கவுண்ட்ஸ் அறையில், இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தது. இன்னொரு முனை மாடிப்படிக்குக் கீழே இருந்த டெலிபோன் ஆபரேட்டர் அறையில். பதினோராவது கம்ப்யூட்டருக்கு வேறு இடம் இல்லாததால் அதை அங்கே மூலையில் வைத்திருந்தோம். டெஸ்பாட்ச் குமாஸ்தா காலையில் வந்து பில் அடித்துவிட்டுப் போவார். மற்ற நேரமெல்லாம் அந்த அறை ஆபரேட்டருடையது.

ஆபரேட்டருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கௌதள்ளி. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் பார்வை போய்விட்டது. பார்வை இல்லாதவர்களுக்கான பள்ளியில் டெலிபோன் வேலை படித்து, எங்கள் கம்பெனி ஆரம்பித்த காலத்திலிருந்து அங்கேயே இருந்தார். கன்னடம், தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும் குரல் ஒரே மாதிரி மரியாதையாக இருக்கும். நூற்றுக்கணக்கான நம்பர்கள் மனப்பாடம். ஒருமுறை பேசியவரின் குரலை மறக்க மாட்டார். ஆபீசில் எல்லாரும் கன்னடம் பேச, நாங்கள் இருவர் மட்டும் தமிழில் பேசிக்கொள்வோம். மற்றவர்கள் முன்னால் என்னை 'மேடம்' என்பார். தனியாக இருந்தால் 'அம்மிணி'. நான் அவரை 'அண்ணா' என்பேன். வாய் நிறையத்தான் சொல்வேன், அதில் குறை வைக்கவில்லை.

தசராவில் மைசூரில் யாருக்கும் வேலையில் மனசு இருக்காது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஆபீசே வீடு மாதிரி ஆகிவிடும். தராசு, பேக்கிங் மெஷின், டைப்ரைட்டர், டெலிபோன், வாசலில் நிற்கும் டெம்போ, எல்லாவற்றுக்கும் குளியல், சந்தனம், குங்குமம். அந்த வருஷம் கம்ப்யூட்டர்களுக்கும் முதல் பூஜை. எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் துடைக்கச் சொன்னேன். என் பிரிவு பளபளவென்று இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டில் காலையிலேயே விளக்குகளை எல்லாம் புளி போட்டுத் தேய்த்துவிட்டு வந்திருந்தேன். ஆபீஸ் விளக்கு இரண்டுக்காகக் கையில் ஓர் உருண்டைப் புளியும் கொண்டுவந்திருந்தேன். தேய்த்துக் கழுவியது போக மிச்சம் இருந்தது. ஆபரேட்டர் அறையில் கம்ப்யூட்டரைத் துடைக்கும்போது பின்னால் அந்த மூடி மங்கிப்போய்க் கறுத்துக் கிடந்தது கண்ணில் பட்டது. கையில் புளி, எதிரில் பித்தளை. வேறென்ன செய்யத் தோன்றும்? திருகிக் கழற்றினேன். நன்றாகப் புளி போட்டுத் தேய்த்து, குழாயில் அலசி, முந்தானையில் துடைத்து, திரும்ப மாட்டினேன். தங்கம் மாதிரி மின்னியது. மேலே ஒரு துளி குங்குமமும் வைத்தேன். ஆபரேட்டர் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் வந்ததும் போனதும் அவருக்குத் தெரிந்திருக்கும். அக்கவுண்ட்ஸ் அறை மூடி பீரோவுக்குப் பின்னால் இருந்ததால் என் கையிலிருந்து தப்பித்தது.

விடுமுறை முடிந்து வந்தோம். ஒரு வாரம் எல்லாம் சரியாகத்தான் ஓடியது. பிறகு ஒருநாள் பதினொரு மணிக்கு எல்லாத் திரையும் அப்படியே நின்றது. உள்ளூர் ரிப்பேர்காரர் ஒருவர் ஸ்கூட்டரில் வந்தார். ஒவ்வொரு இணைப்பாக ஆட்டிப் பார்த்துக்கொண்டே போய், ஆபரேட்டர் அறையில் மூடியை ஆட்டியதும் எல்லாம் உயிர் வந்தது. "இந்த முனையை யாரோ இழுத்திருக்காங்க. கால் கீல் பட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். சொல்லும்போது அவர் கண் ஆபரேட்டரின் வெள்ளைக் கோல் மீது போனது. என் கண்ணும் கூடவே போனது.

அதன்பிறகு அது வாடிக்கையாகிவிட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை, சில வாரம் தினமும். நான் என் மேஜையிலிருந்தே போன் போடுவேன்.

"அண்ணா, அந்த மூடியைக் கொஞ்சம் ஆட்டுங்க."

"ஆட்டறேனுங்க. ஓடுதுங்களா?"

"ஓடுது. யார் அண்ணா இதைத் தட்டி விடறது?"

"நான் அந்தப் பக்கமே போறதில்லீங்களே மேடம். நீங்க கூப்பிட்டாத்தான் தொடறேன்."

நான் நம்பவில்லை. அதைவிட மோசம், நம்பாததையே பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன். பாவம், பார்வை இல்லாதவர், நாற்காலியைத் தள்ளும்போது பட்டிருக்கும், பட்டது அவருக்கே தெரிந்திருக்காது, அதற்காக அவரைக் கோபித்துக்கொள்ளக் கூடாது. இப்படி ஓர் எண்ணம். கோபித்துக்கொள்ளவும் செய்தேன் என்பது வேறு விஷயம். எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். ஒருநாள் எல்லார் எதிரிலும், "கொஞ்சம் பார்த்து நடக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டேன். அவர் "சரிங்க மேடம்" என்றார். அதோடு போனது என்று நான் நினைத்தேன். ஆனால் ஆபீசுக்கு அன்றைக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் நின்றால் யாரும் என்னவென்று கேட்பதில்லை. மாடிப்படிப் பக்கம் பார்த்துச் சிரிப்பார்கள்.

பொங்கல் முடிந்த வாரத்தில் பெரிய ஆர்டர் ஒன்றுக்கான சரக்குப் பட்டியல் அச்சடிக்க முடியாமல் நின்றது. லாரி வாசலில் காத்திருந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவரோடு பேச்செல்லாம் கன்னடத்தில்தான்.

"ஏனம்மா, இந்தத் தலைவலிக்கு ஒரு முடிவு வேணும். ஏன் கெடுது, புதுசா என்ன வாங்கணும், எங்கே வைக்கணும், மூணையும் எழுதிக் கொடு." பிறகு, அதோடு சேர்ந்த விஷயம் மாதிரி, "தானாகவே பதில் சொல்ற டெலிபோன் மெஷின் வந்திருக்காம். அதை வாங்கிட்டா அந்த ரூமும் காலியாகும், தொல்லையும் போகும்" என்றார்.

எந்தத் தொல்லை என்று நான் கேட்கவில்லை. எனக்குப் புரிந்திருந்தது.

அன்று மாலையே முதல் கேள்விக்குப் பதிலை அடித்துக் கொடுத்தேன். இங்கிலீஷில் மூன்று வரி. கேபிளின் முனை டெலிபோன் ஆபரேட்டரின் அறையில் இருக்கிறது. அவரது நடமாட்டத்தால் அது அடிக்கடி அசைக்கப்படுகிறது. கோளாறுக்கு அதுவே காரணம். எழுத்துப்பிழை இல்லை, இலக்கணப்பிழை இல்லை. அடித்து முடித்துப் படித்துப் பார்த்தபோது எனக்கு என் இங்கிலீஷ் மீது ஒரு திருப்தி கூட வந்தது.

மற்ற இரண்டு கேள்விகளுக்கு ஒரு மாதம் ஆனது. விற்பவர்கள் இருவர் வந்தார்கள். ஒருவர், பழைய மாதிரியே வயரை மட்டும் புதிதாக மாற்றிவிடலாம் என்றார். இன்னொருவர் பெங்களூர்க்காரர். இந்த வயரே வேண்டாம், ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனித்தனி வயர் இழுத்து எல்லாவற்றையும் நடுவில் ஒரு பெட்டியில் சேர்த்துவிட்டால், ஒன்று கெட்டாலும் மற்றது ஓடும் என்றார். எனக்கு அதுதான் பிடித்தது. ஆனால் அந்தப் பெட்டியில் இரண்டு வகை இருந்தது. ஹப் ஒன்று, ஸ்விட்ச் ஒன்று. ஸ்விட்ச் விலை யானை விலை. முதலாளி, "சுவரில் இருக்கிற ஸ்விட்ச்சைவிட இது என்னத்தை அதிகமாகச் செய்யப்போகுது?" என்று கேட்டார். எனக்கே சரியாகப் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையை ஆட்டி வைத்தேன்.

பெட்டியை எங்கே வைப்பது என்பதில் மட்டும் சந்தேகமே வரவில்லை. ஒரு வயர் நூறு மீட்டருக்கு மேல் போகக் கூடாது. பேக்கிங் ஷெட் வரைக்கும் அளந்து பார்த்தால், எல்லா அறைக்கும் எட்டுகிற இடம் மாடிப்படி அறை ஒன்றுதான். டெலிபோன் வயர்கள் ஏற்கெனவே அங்கிருந்துதான் எல்லா அறைக்கும் போயின. சுவரில் ஓட்டைகள் தயாராக இருந்தன. அந்த ஓட்டைகள் எங்கெங்கே என்று ஆபீசில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும்.

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். அவர் எழுந்து சுவரைத் தடவிக்கொண்டே வந்தார்.

"இது அக்கவுண்ட்ஸுக்குப் போறதுங்க. இங்கிருந்து மேல ஏறி, ரெண்டாவது ஜன்னல் பக்கம் திரும்பும். இது ஷெட்டுக்கு. இது முன்ன சாமான் ரூமுக்குப் போச்சு, இப்ப சும்மா கெடக்குது, நீங்க எடுத்துக்கலாம்." லைன்மேன் ஒவ்வொரு தடவை வந்தபோதும் கூடவே நடந்து, கையால் தொட்டு மனசில் வாங்கி வைத்திருந்தார். நான் பேப்பரில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். நான் எத்தனை நாள் முயன்றாலும் வந்திருக்காத வரைபடம் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது.

அப்போது பேச்சுவாக்கில் ஹப், ஸ்விட்ச் பற்றிப் புலம்பினேன். பெங்களூர்க்காரர் கொடுத்த காகிதத்தைப் படித்துக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு இரண்டாவது தடவை படிக்கச் சொன்னார்.

"அம்மிணி, இது லேசுதானுங்க. ஹப்புங்கறது, ஒருத்தருக்கு வந்த போனுக்கு எல்லா ரூம்லயும் மணி அடிக்கறது. எல்லாரும் எடுத்து, எனக்கில்லைன்னு வெப்பாங்க. ஒரே சத்தம். ஸ்விட்ச்சுங்கறது, யாருக்கு வந்துச்சோ அவங்க ரூமுக்கு மட்டும் போடறது. நான் பண்றேனுங்களே, அது."

அதையே அப்படியே கன்னடத்தில் முதலாளியிடம் சொன்னேன். அவர் உடனே புரிந்துகொண்டு, "அப்போ ஸ்விட்ச்சே வாங்கு" என்றார். யார் சொன்ன விளக்கம் என்று நான் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்றும் தெரியவில்லை. அதே மூச்சில் முதலாளி இன்னொன்றும் சொன்னார். பெட்டி அந்த அறையில் வரப்போவதால் அறை பூட்டியிருக்க வேண்டும். ஆபரேட்டரை மார்ச் மாதத்தோடு அனுப்பிவிடலாம். கடிதம் ஒன்று அடித்துக் கொடு, நானே சமயம் பார்த்துக் கொடுக்கிறேன், அதுவரை வெளியில் சொல்லாதே.

அடித்தேன். இதை மறைத்து எழுதினால் இந்தப் பக்கங்களுக்கே அர்த்தம் இல்லை. காரணம் என்ற இடத்தில் என் மூன்று வரிகளையே முதலாளி போடச் சொன்னார். போட்டேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் இரண்டு தடவை பார்த்தேன். ஆபரேட்டருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் காலேஜில் சேர்ந்த வருஷம் அது. அவர் மனைவி வீட்டில் பிளவுஸ் தைத்துக் கொடுப்பார். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை.

வேலை ஆரம்பித்தபோது மார்ச் மாதம் பாதிக்கு மேல் ஆகியிருந்தது. பெங்களூரிலிருந்து டெக்னீஷியன் வந்தார். வேலையில் சுத்தமான ஆள். புது வயரை இழுக்கும் முன்னால், பழையதில் உண்மையில் என்ன கோளாறு என்று தெரிந்துகொள்ளாமல் அவருக்கு மனசு ஆறவில்லை. ஆபரேட்டர் அறையில் மண்டி போட்டு உட்கார்ந்து மீட்டரை வைத்தார். முள் நிலையாக நிற்காமல் ஆடியது. மூடியைக் கழற்றினார். உள்ளே எட்டிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஊசி மாதிரி ஒன்றை எடுத்துச் சுரண்டினார். பச்சையும் கறுப்புமாகப் பொருக்கு உதிர்ந்தது. மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

"யாரோ இதைப் புளி போட்டுக் கழுவியிருக்காங்க மேடம்! உள்ளே தண்ணி போய், புளி போய், அரிச்சுப்போச்சு. ஆட்டினா ஒட்டும், விட்டா பிரியும். வயரை யாரும் இழுக்கல. வயர் நல்லாத்தான் இருக்கு."

முந்தானையில் துடைத்தது, குங்குமம் வைத்தது, தங்கம் மாதிரி மின்னியது, எல்லாம் ஒரே நொடியில் கண் முன்னால் வந்தது. டெக்னீஷியன் ஏணி எடுத்துவர வெளியே போனார். அறையில் நாங்கள் இருவர் மட்டும்.

"அன்னிக்கே புளி வாசம் அடிச்சுதுங்க அம்மிணி" என்றார் ஆபரேட்டர். "இந்தக் கட்டிடத்துல எந்நேரமும் சந்தனம், மல்லிகை, சாம்பிராணி. புளி வாசம் அன்னிக்கு ஒரு நாள்தான் வந்துச்சு. கூடவே உங்க வளையல் சத்தமும்."

"தெரிஞ்சும் ஏன் அண்ணா சொல்லல?"

"புளி பட்டா இது கெடும்னு எனக்கென்னங்க தெரியும்? ஏதோ கழுவறீங்கன்னு நெனச்சேன். அப்பறம் சந்தேகம் வந்துச்சு. வந்து என்னங்க? நான் சொன்னா, குருடன் தன் தப்ப மறைக்க மேடத்து மேல போடறான்னு சொல்லுவாங்க. நீங்களே சொல்லியிருப்பீங்க."

ஆமாம், சொல்லியிருப்பேன். அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. டெலிபோனில் நேரம் சொல்வது மாதிரி சொன்னார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நேரே முதலாளி அறைக்குப் போனேன்.

போகும் வழியில் என் வேலை போகலாம் என்றுகூட நினைத்தேன். சொல்லி முடித்தேன். முதலாளி ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார், அப்படி ஒரு சிரிப்பு, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிற அளவுக்கு. அக்கவுண்டன்டைக் கூப்பிட்டுச் சொன்னார். அவரும் சிரித்தார். "அடுத்த வருஷம் கம்ப்யூட்டருக்கு அபிஷேகமே பண்ணிடுங்க மேடம்!" என்றார். காபி வந்தது. பெண்கள் கையில் கொடுத்தால் இப்படித்தான், ஆனால் பக்தி இருக்கே, அது பெரிசு என்று முதலாளி சொன்னார். நானும் சிரித்தேன். பயம் விட்ட சந்தோஷத்தில் நன்றாகவே சிரித்தேன்.

"சார், அந்த ஆபரேட்டர் லெட்டர்..." என்று இழுத்தேன்.

"ஹோக்லி பிடம்மா, பார்க்கலாம்" என்றார். போகட்டும் விடம்மா, அவ்வளவுதான். "எப்படியும் அந்த ரூம் வேணுமே."

தாழ்வாரத்தில் திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரே கோளாறு. அவர் செய்ததாக நினைத்தபோது அதற்கு ஒரு வேலைநீக்கக் கடிதம். நான் செய்தது என்று தெரிந்ததும் அதற்கு ஒரு காபி. காபியின் இனிப்பு இன்னும் நாக்கில் இருந்தது. என் மீதே அப்படி ஒரு வெறுப்பு எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை.

அவர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம் அடித்திருப்பதையும், அடித்தது நான்தான் என்பதையும் சொன்னேன். ஒரு போன் வந்தது. எடுத்து, "குட் ஆஃப்டர்நூன்" என்று அதே மரியாதைக் குரலில் சொல்லி, ஷெட்டுக்குப் போட்டுக் கொடுத்தார்.

"இந்த வயசுல எனக்கு இன்னொரு வேலை எவன் குடுப்பானுங்க" என்றார். பிறகு, "முதலாளிகிட்ட வாயால சொன்னீங்களா, எழுதிக் குடுத்தீங்களா?"

"வாயாலதான்."

"வாயால சொன்னது காபியோட போயிரும் அம்மிணி. என்னைப் பத்தி எழுதுனது எத்தன வரிங்க?"

"மூணு."

"இப்ப எழுதுனா எத்தன வரி எழுதுவீங்க?"

நான் மனசுக்குள் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன். முந்தைய அறிக்கையில் கூறிய காரணம் சரியல்ல. அவ்வளவுதான். பெயர் இல்லாமல், புளி இல்லாமல், யார் மேலும் ஒட்டாமல் ஒரு வரி. அதைச் சொன்னேன்.

"மூணு வரி எழுதுங்க" என்றார். கெஞ்சவில்லை. கோபமும் படவில்லை. "அது மூணுன்னா இதுவும் மூணு. அந்தக் கம்ப்யூட்டர்லயே அடிங்க. நான் கேட்டுட்டு இருக்கேன்."

மூலையில் இருந்த பதினோராவது கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். அந்த ஆபீசிலேயே வேகமாக டைப் அடிக்கும் நான் அன்றைக்கு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தேன். முதல் வரி, மூடியைக் கழற்றிப் புளியால் கழுவியவள் நான், கோளாறுக்கு அதுவே காரணம். இரண்டாவது வரி, ஆபரேட்டருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை, என் முந்தைய அறிக்கை தவறு. மூன்றாவதுக்கு நான் தயங்கினேன்.

"என்ன எழுதட்டும் அண்ணா?"

"இத்தன மாசமா நின்னப்பவெல்லாம் அதை ஓட வெச்சது யாருங்க?"

அதை எழுதினேன். எழுதும்போது அழுகை வந்தது. அவருக்குத் தெரியக் கூடாது என்று மூக்கை உறிஞ்சாமல் இருந்தேன். தெரிந்திருக்கும். கீழே நானாகவே இன்னொரு பத்தி சேர்த்தேன். ஸ்விட்ச்சை ஆள் உயரத்துக்கு மேலே சுவரில் பூட்டு வைத்த கூண்டில் மாட்டலாம், கீழே ஆபரேட்டரின் மேஜை இருந்த இடத்திலேயே இருக்கலாம், அறையைக் காலி செய்யத் தேவையில்லை. ஏணியோடு வந்த டெக்னீஷியன், "தாராளமா வைக்கலாம், மேலே வைக்கிறதுதான் நல்லது" என்றார். ஒரு மாதமாக இந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்கவே இல்லை.

முதலாளி மூன்று வரிகளையும் படித்தார். சிரிக்கவில்லை.

"இதை ஃபைல்ல வைக்கணுமாம்மா? உன் பேர்தானே கெடும்?"

"அந்த முதல் ரிப்போர்ட் இருக்கிற ஃபைல்லயே வைக்கணும் சார். அதுக்கு மேலேயே."

என் குரல் உயர்ந்துவிட்டது. வாழ்க்கையில் எத்தனையோ இடத்தில் தேவையில்லாமல் உயர்ந்த குரல், அந்த ஒரு நாள் சரியான இடத்தில் உயர்ந்தது. அவர் மூன்றாவது வரியை மறுபடி படித்தார். "தினமும் அவன்தான் சரி பண்ணிட்டிருந்தானா?" என்றார். "ஆமா சார், நான்தான் போன் பண்ணி ஆட்டச் சொல்வேன்" என்றேன். மேஜை இழுப்பறையைத் திறந்து, நான் அடித்த கடிதத்தை எடுத்து, என்னிடமே நீட்டினார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அங்கேயே கிழித்தேன். மார்ச் முடிய இன்னும் பதினோரு நாள் இருந்தது.

மாடிப்படிப் பக்கம் கிட்டத்தட்ட ஓடினேன். கதவுக்கு வெளியிலிருந்தே "அண்ணா" என்றேன். அவர் காதில் ரிசீவர் இருந்தது. தலைக்கு மேலே டெக்னீஷியன் சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார். செம்மண் பொடி மேஜையெல்லாம் விழுந்தது.

ஆபரேட்டர் ஒரு கையால் ரிசீவர் வாயைப் பொத்திக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே, "சித்த இருங்க அம்மிணி, லைன்ல ஆளு இருக்காங்க" என்றார்.

நான் வாசலிலேயே நின்று, அவர் பேசி முடிக்கும் வரை காத்திருந்தேன்.